மேகமூட்ட நாளில் பழைய வீடுகளைப் படமெடுத்து வைப்போம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய சொற்பொழிவு)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிக் கூடிப் பேசும்போது சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நம் ஊர்களில் எஞ்சி நிற்கின்ற பழைய வீடுகளை, மேகம் மூடிய நாட்களில், கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து ஊரின் பொதுச்சொத்தாகப் பாதுகாத்து வைப்பது எப்படி என்பதே அப்பொருள். இதனை ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். கிராம சபையில் தீர்மானம் செய்து நிறைவேற்றத்தக்க பணி இது. இன்று இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வீடு விழுந்த பின்னரோ, எவ்வளவு செலவு செய்தாலும் இப்பணியைச் செய்ய இயலாது.

ஏன் இப்பொழுதே செய்ய வேண்டும்?

நம் நாட்டுப்புறத்தில் வீடுகள் வெகு வேகமாக மாறி வருகின்றன. 2010-ஆம் ஆண்டில் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011-இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2016-இல் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் தொடங்கியது. குடிசையில்லாத் தமிழகம் என்னும் குறிக்கோளோடு 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டது. இவையன்றி, வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைத்த பிள்ளைகள் அனுப்பும் பணத்தால் எழும் மாடி வீடுகளும் பல.

புதிய வீடு வருவது நன்மையே. ஓலைக் கூரையின்கீழ் மழைக்கும் தீக்கும் பாம்புக்கும் அஞ்சி வாழ்ந்த குடும்பம் உறுதியான தளத்தின்கீழ் அச்சமின்றி உறங்குவதைக் காட்டிலும் சிறந்த முன்னேற்றம் வேறு எது? பழமையின் அழகைப் புகழ்ந்து, ஏழை தன் குடிசையிலேயே இருக்க வேண்டும் என்பவர், அக்குடிசையில் ஓர் ஐப்பசி மாதம் குடியிருந்து பார்த்துவிட்டுப் பேசுவது நலம். ஆகவே, பழைய வீட்டை இடிக்க வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, அவ்வீட்டை முறையாகப் படமெடுத்து, அளந்து, குறிப்பு எழுதி வையுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

வீடு ஒன்று மறையும்போது மறைவது மண்ணும் மரமும் மட்டுமல்ல என்பதை நீங்களே அறிவீர்கள். தஞ்சைப் பகுதியின் நாட்டு ஓட்டு வீட்டில் திண்ணையும் ரேழியும் முற்றமும் தாழ்வாரமும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு; காற்று தெருவிலிருந்து கொல்லைவரை ஓடுவதற்கும், மழைநீர் முற்றத்தில் விழுந்து வெளியேறுவதற்கும் ஏற்ற அமைப்பு அது. இராமநாதபுரம் பக்கத்தில் பனங்கையைக் கைமரமாக வைத்துக் கூரை கட்டிய வேலை வேறு. நாஞ்சில் நாட்டின் மர வேலை வேறு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு அரைத்த சுண்ணாம்பைச் சுவரில் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய கைத்திறன் வேறு. இவ்வேலைகளைச் செய்த கொத்தனாரும் தச்சரும் பெரும்பாலும் எழுதி வைத்தாரில்லை. அவர்கள் எழுதிய ஏடு என்று சொல்லத்தக்கது அவர்கள் கட்டிய வீடுதான்.

பிறர் செய்து காட்டிய வழி

இப்பணி உலகில் புதிதன்று. 1933-இல் அமெரிக்க நாட்டில் கடும் வேலையின்மை நிலவியபோது, வேலையற்றிருந்த கட்டடக் கலைஞர்களை அமர்த்தி, அந்நாட்டு அரசாங்கம் வரலாற்றுக் கட்டடங்களின் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியது. பெரிய மாளிகைகளோடு பண்ணை வீடுகளும் களஞ்சியங்களும் அளந்து வரையப்பட்டன. கறுப்பு வெள்ளையில் படமெடுக்கப்பட்டன. அப்படங்கள் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் எவரும் பார்க்கும்படி உள்ளன. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் கட்டடங்கள் அழிவதைக் கண்ட இங்கிலாந்தில், 1941-இல் தேசியக் கட்டடப் பதிவகம் ஒன்று ஏற்பட்டது.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஜெர்மனியில் உண்டு. அங்கே சீகன் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதி, இரும்புச் சுரங்கங்களும் உலைகளும் நிறைந்த பகுதி. மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் நிரப்பிக் கட்டிய எளிய வீடுகள் அங்கு மிகுதி. அவ்வூரில் பிறந்த பெர்ன்ட் பெக்கர் என்பவரும், அவர் மனைவி ஹில்லா பெக்கர் அம்மையாரும் 1959 முதல் அவ்வீடுகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார்கள். வெயில் சுடர்விடும் நாளை விட்டு, மேகம் மூடிய நாளையே அவர்கள் தேர்ந்தார்கள். வீட்டுக்கு நேர் எதிரே காமிராவை நிறுத்தி, நிழல் விழாத ஒளியில், எல்லா வீட்டையும் ஒரே முறையில் எடுத்தார்கள். 1977-இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தன. ஒரே முறையில் எடுத்ததனால் ஒரு வீட்டையும் மற்றொரு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று எவரும் காண முடிகிறது. சாதாரண உழைப்பாளிகளின் வீடுகள் இன்று உலகெங்கும் உள்ள கலைக்கூடங்களில் மதிக்கப்படுவது இவர்கள் பணியின் பயனாகும்.

நம் மாநிலத்திலும் புகைப்படக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. லினேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1857, 1858-ஆம் ஆண்டுகளில் சீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை ஆகிய இடங்களில் படமெடுத்தார். மதுரைக் கோயிலும் நாயக்கர் மகாலும் அன்று எவ்வாறு இருந்தன என்பதை அவர் படங்களால் நாம் இன்று அறிகிறோம். ஆயினும் அவர் படங்களில் பெரும்பாலானவை கோயில், அரண்மனை, கோட்டை ஆகியவையே. உழவர் வீட்டையும் நெசவாளர் வீட்டையும் தனியே தேடிச் சென்று வரிசையாகப் பதிவு செய்யும் பணியை அன்றைய அரசாங்கம் அவருக்குக் கொடுக்கவில்லை. அக்குறையை இன்று ஊராட்சிகளே நிறைவு செய்ய முடியும்.

மேகம் தரும் நன்மை

இனி, மேகமூட்டம் ஏன் நல்லது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டு வீடு வெயிலைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. கூரை தாழ்ந்து இறங்கித் திண்ணைக்கு நிழல் தருகிறது. குடியிருப்போர்க்கு இன்பமான இந்நிழலே படமெடுப்போருக்குத் தொல்லையாகிறது. உச்சி வெயிலில் சுண்ணாம்பு அடித்த சுவர் கண் கூசும்படி வெளுக்கிறது. திண்ணையோ இருண்டு கிடக்கிறது. நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். காமிராவால் அது இயலாது. சுவருக்கு ஏற்றபடி எடுத்தால் திண்ணையில் உள்ள தூணும் நிலைக்கதவும் கரிய இருளில் மறையும். திண்ணைக்கு ஏற்றபடி எடுத்தால் சுவரில் உள்ள பூச்சும் வெடிப்பும் வெள்ளையில் மறையும்.

மேகம் மூடியபோது வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிறது. ஒளி ஒரு திசையிலிருந்து வராமல் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. எனவே கூரையின்கீழும் புகுகிறது. நேர் வெயிலின் ஒளி ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் என்னும் அளவு. அடர்ந்த மேகத்தின்கீழ் அது 10 ஆயிரத்துக்கும் குறைந்துவிடும். ஒளி குறைந்தாலும் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளி சுருங்குவதால், சுவரும் திண்ணையும் கதவும் ஒரே படத்தில் தெளிவாக அமைகின்றன. பக்கத்து மரத்தின் நிழல் சுவரில் புள்ளி புள்ளியாக விழுந்து வெடிப்பைப் போல மயக்குவதும் இல்லை.

எல்லா மேகமும் ஒன்றல்ல. எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளையோ துண்டையோ பரப்பி, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு கூர்மையாக விழுந்தால் வெயில் மிகுதி, காத்திருக்கலாம். நிழலே தெரியவில்லை எனில் ஒளி மிக மங்கல். படம் சப்பென்று இருக்கும். ஓலையின் வரியும் ஓட்டின் வளைவும் எடுபடா. மங்கலான மெல்லிய நிழல் விழுந்தால் அதுவே தக்க தருணம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மேகம் தருகிறது. தென்காசி, செங்கோட்டைப் பக்கங்களில் ஆனி, ஆடிச் சாரலும் உதவும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மேகம் வரும் அதே மாதங்களில்தான் மண் சுவர்கள் ஊறி விழுகின்றன. ஆகையால் புரட்டாசி முடிவிலும் ஐப்பசித் தொடக்கத்திலும், பெருமழை பிடிக்குமுன், மேகம் மட்டும் கூடும் நாட்களில் இப்பணியை முடித்துவிட வேண்டும். சாய்ந்த சுவரின் அருகிலோ, உளுத்த விட்டத்தின்கீழோ படத்துக்காக எவரும் நிற்கலாகாது. அத்தகைய வீட்டை வெளியிலிருந்து எடுத்தால் போதும். அங்கு இன்னும் குடியிருப்போர் இருந்தால், படமெடுப்பதைக் காட்டிலும் அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதே ஊராட்சியின் முதற்கடமை.

கறுப்பு வெள்ளை எதற்கு?

வண்ணப் படம் கையிலேயே கிடைக்கும் இக்காலத்தில் கறுப்பு வெள்ளை எதற்கு என்று கேட்பீர்கள். வண்ணப் படத்தில் கண் முதலில் ஓடுவது வாசலில் கிடக்கும் நெகிழிக் குடத்துக்கும், சுவரில் ஒட்டிய சுவரொட்டிக்கும்தான். நிறத்தை நீக்கிவிட்டால், சுவரின் பரப்பும், தூணின் உருவமும், கூரையின் சரிவும், மரத்தின் இழையும் முன்னே வருகின்றன. வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று அறிய விரும்புவோர்க்கு இவையே தேவை.

மற்றொரு காரணம் நீடிப்பு. முறையாகக் கழுவி நிலைப்படுத்திய கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளி என்னும் உலோகத்தால் ஆனது. நூறாண்டைக் கடந்தும் நிற்கும். உங்கள் வீடுகளிலேயே பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்க, 40 ஆண்டுக்கு முன் எடுத்த திருமண வண்ணப் படம் சிவந்து மங்கிப்போயிருப்பதைக் காணலாம். வண்ணப் படத்தில் உள்ளவை சாயங்கள். அவை நாளடைவில் வெளுக்கும். ஒரு காலத்தில் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து வந்தது. 1960-இல் நிறுவப்பட்ட அவ்வாலை பின்னர் மூடப்பட்டுவிட்டது. இன்று பிலிம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். எனவே பிலிம் காமிரா உள்ளவர் அதனைப் பயன்படுத்தலாம்; மற்றவர்க்குக் கைப்பேசியே போதும்.

கைப்பேசியில் எடுப்போர் வண்ணத்தில் எடுத்து, மூலப்படத்தை அப்படியே காத்து, அதன் நகலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதே முறை. நிறமும் ஒரு செய்திதான். செங்காவிப் பட்டை, நீலச் சுண்ணாம்பு, செம்மண் பூச்சு ஆகியவை கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். மூலப்படம் இருந்தால் அவற்றைப் பிற்காலத்தார் அறிவர். பிலிமில் எடுப்போர் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். சிவந்த ஓடும் பசிய மரமும் சாம்பலில் ஒன்றாகக் கலந்துவிடுவது உண்டு. பச்சைக் கண்ணாடி வடிகட்டியைக் காமிராவில் பொருத்தினால் இலை வெளுத்து, ஓடு கருத்து, இரண்டும் பிரியும். கைப்பேசிப் படத்தை மாற்றும்போதும் பச்சையைச் சற்று உயர்த்தி இதே பயனைப் பெறலாம். வானத்தைக் கருமையாக்கப் பயன்படும் மஞ்சள் வடிகட்டி மேகமூட்டத்தில் பயன்படாது. நீல வானத்தைத்தான் அது கருப்பாக்கும்.

வெள்ளை வானம் என்னும் இடையூறு

மேகமூட்டத்தின் ஒரே பெரிய குறை வானம்தான். வீட்டை விட வானம் பன்மடங்கு ஒளியுள்ளது. படத்தில் பாதியை வானம் அடைத்தால், காமிரா அதனைக் கண்டு மயங்கி வீட்டை இருட்டாக்கிவிடும். மேற்சொன்ன டிரைப் அவர்களின் காலத்துப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவே விழுந்தது. 1855-இல் பர்மாவில் எடுத்த படங்கள் சிலவற்றில் அவர் நெகடிவ்வின்மேல் தூரிகை கொண்டு மேகத்தைத் தீட்டிச் சேர்த்தார். நமக்கு அது வேண்டா. பதிவுக்கென எடுக்கும் படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் உள்ளதை அழிப்பதும் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. கூரையின் முகட்டுக்கு மேல் சிறிதளவே வானம் தெரியும்படி நில்லுங்கள். வீட்டின் பின்னே மரமோ அடுத்த வீட்டுக் கூரையோ அமைந்தால் இன்னும் நன்று. கைப்பேசியில் சுவரைத் தொட்டு, ஒளியளவைச் சுவருக்கு ஏற்ப வையுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். பிலிம் காமிராவில் ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு, வெளிச்சமான மேகத்தில் எஃப் 8 துளையும் 125-இல் ஒரு பங்கு வினாடியும் பொருந்தும். முன்னும் பின்னும் கூர்மையாக வேண்டி எஃப் 16 வைத்தால் 30-இல் ஒரு பங்கு வினாடி ஆகும். அவ்வளவு நேரம் கை நடுங்காமல் பிடிப்பது கடினம், முக்காலி தேவை. முக்காலி இல்லையேல் எதிர்வீட்டுத் திண்ணைத் தூணில் காமிராவைச் சாய்த்துப் பிடிக்கலாம்.

ஒரு வீட்டுக்கு எத்தனை படம்?

ஒவ்வொரு வீட்டுக்கும் 10 படங்கள் என்று வரையறுத்துக்கொண்டால் குறைவின்றி அமையும். முன்புறம் நேராக 1, தெருவோடு சேர்த்துச் சாய்வாக 1, பக்கம் 1, கொல்லைப்புறம் 1, திண்ணையும் தூணும் 1, நிலைக்கதவு 1, முற்றம் அல்லது கூடம் 1, அடுக்களை 1, கூரையின் உட்புறம் 1, குதிர், பத்தாயம், தொழுவம், கிணறு ஆகியவற்றில் உள்ளது 1. கூரையின் உட்புறத்தை மறவாதீர்கள். விட்டமும் உத்தரமும் கைமரமும் வரிச்சும் எவ்வாறு இணைந்தன என்பதைத் தச்சர் அறிய அந்த ஒரு படமே போதும். சீமை ஓடு வேய்ந்த வீடாயின், கழன்ற ஓடு ஒன்றைத் திருப்பி, அதில் பதிந்துள்ள ஆலையின் பெயரையும் எடுங்கள். பாசல் மிஷன் மங்களூரில் 1865-இல் ஓட்டு ஆலை தொடங்கிய பின்னரே இவ்வகை ஓடுகள் பரவின. ஆகவே ஓட்டின் முத்திரை கூரையின் காலத்தைக் கணிக்கத் துணைசெய்யும்.

காமிராவை மேல்நோக்கிச் சாய்க்கலாகாது. சாய்த்தால் சுவர்கள் உச்சியில் நெருங்கி, வீடு பின்னால் விழுவதுபோல் தோன்றும். இயன்ற அளவு பின்னே சென்று, காமிராவை மட்டமாகப் பிடியுங்கள். கைப்பேசியில் அகன்ற கோணத்தைத் தவிர்த்து இயல்பான கோணத்தில் எடுங்கள். 1 மீட்டர் நீளக் கோலில் 10 செ.மீ. கறுப்பும் 10 செ.மீ. வெள்ளையுமாக மாற்றி மாற்றி வண்ணம் பூசி, அதைச் சுவரோரம் நிறுத்தி எடுத்தால், பிற்காலத்தார் படத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிடலாம். மழை ஓய்ந்த உடனே எடுத்தால் சுவரில் ஈரம் ஏறிய இடம் கருத்துத் தெரியும். பழுதுபார்க்க விரும்புவோர்க்கு அது பயனுள்ள செய்தி. வீட்டின் தோற்றத்துக்கு மட்டுமெனில் சுவர் உலர்ந்தபின் எடுப்பதே நலம்.

படத்தோடு குறிப்பேடும் வேண்டும். எடுத்த தேதி, தெரு, கட்டியதாகக் குடும்பத்தார் கூறும் காலம், சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, மரம் எங்கிருந்து வந்தது, வேலை செய்த கொத்தனார் எந்த ஊரார் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வூரில் வழங்கும் பெயரை அவர்கள் சொல்லும் வண்ணமே எழுதுங்கள். ஒரு வட்டாரத்தில் ரேழி என்பதை மற்றொரு வட்டாரத்தில் நடை என்பர். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் இச்சொற்கள் கிடைக்கும். தரைப்படம் ஒன்றும் அளவோடு வரைந்து வைக்கலாம். பள்ளி மாணவர்கள் இதனை ஆர்வத்தோடு செய்வர்.

எந்த வீடுகள்?

இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்கள் மிகக் கருத்தோடு இருக்க வேண்டும். பழைய வீடு என்றதும் பெரிய தெருவில் உள்ள தூண் வைத்த வீடுகளையே பலர் எண்ணுவர். செட்டிநாட்டு ஊர்களின் வீடுகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைப் படமெடுக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகின்றனர். ஆதிதிராவிடர் குடியிருப்பில் உள்ள மண் வீட்டையும், மீனவர் தெருவில் உள்ள கீற்று வீட்டையும், கூலி விவசாயியின் பனையோலைக் குடிசையையும் எடுக்க எவர் வருவார்? கல்லும் தேக்கும் கொண்டு கட்டியவை கேட்பாரற்றுக் கிடந்தாலும் சில தலைமுறை நிற்கும். ஓலையும் மண்ணும் கொண்டு கட்டியவை ஓரிரு மழைக்காலத்தில் சுவடின்றிப் போகும். ஆகவே முதலில் எடுக்க வேண்டியவை மிக விரைவில் மறைபவையே. ஊரின் எல்லாத் தெருக்களும் இல்லாத தொகுப்பு ஊரின் தொகுப்பு ஆகாது.

இதில் மரியாதை மிக முக்கியம். ஏழையின் வீட்டை வறுமைக் காட்சியாக எடுப்பது அவருக்கு இழுக்கு. பெரிய வீட்டை எவ்வாறு நேர்நின்று, தூய்மையாக, கவனத்தோடு எடுப்போமோ, குடிசையையும் அவ்வாறே எடுக்க வேண்டும். குடும்பத்தாரின் இசைவு பெறாமல் ஒரு படமும் எடுக்கலாகாது. அடுக்களையை எடுக்க வீட்டுப் பெண்மணியின் இசைவு வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இசைவின்றி எந்தப் படத்தையும் சமூக ஊடகங்களில் பரப்பலாகாது. குடும்பத்தார் விரும்பினால் திண்ணையில் அமரச் செய்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். தாம் கட்டிய வீட்டின்முன் அமர்ந்த பெற்றோரின் படம் பிள்ளைகளுக்கு எவ்வளவு அரிய செல்வம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயன்கள்

இப்பதிவுகளால் உடனடிப் பயனும் உண்டு. புயலிலோ வெள்ளத்திலோ வீடு சேதமுறும்போது, முன்பு அது எந்நிலையில் இருந்தது என்று காட்டத் தேதியிட்ட படம் துணைசெய்யும். படம் பட்டாவுக்கு ஈடாகாது. ஆயினும் அதிகாரிகளிடம் நிலைமையை விளக்க உதவும். பழைய வீட்டைப் பழுதுபார்ப்போர்க்கு முன்பிருந்த அமைப்பைக் காட்டும். காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள வீட்டை மலிவாகக் கட்ட விரும்பும் பொறியாளர்க்குப் பாடமாகும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். எல்லா வீட்டையும் அவ்வாறு கொண்டுபோய் வைக்க இயலாது. படத்தில் கொண்டுபோய் வைப்பது எல்லா ஊர்க்கும் இயலும்.

வீட்டுத் திட்டங்களில் பயனாளியின் பழைய வீட்டையும் மனையையும் கைப்பேசியில் படமெடுத்து, இடக்குறியோடு பதிவேற்றும் முறை பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் உள்ளது. அப்படம் தகுதியைச் சரிபார்ப்பதற்கென எடுப்பது. அந்தத் தேவைக்கு அது போதும். அலுவலர் வரும் நாளுக்கு முன்பே ஊரார் தம் படங்களை எடுத்து முடித்திருந்தால், ஊருக்கென்று முழுமையான பதிவு மிஞ்சும்.

பாதுகாப்பதும் திட்டமிடுவதும்

எடுத்த படம் கைப்பேசியிலேயே கிடந்தால் அது எடுக்காத படத்துக்கு ஒப்பாகும். செய்திச் செயலிகள் வழியே அனுப்பும்போது படம் சுருங்கி நுட்பம் குறைகிறது. எனவே மூலக்கோப்பைக் கம்பி வழியே கணினிக்கு மாற்றி, தனித்தனியான இரண்டு வன்தட்டுகளில் இரண்டு இடங்களில் வையுங்கள். சிறந்த படங்களை அமிலமற்ற தாளில், நிறமி மையால் அச்சிடுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் வீட்டு எண்ணும் தேதியும் எழுதுங்கள். கரையானும் ஈரமும் அணுகாத அலமாரியில், நெகிழி உறையில் அடைக்காமல், தாள் உறையில் வையுங்கள். ஒரு பிரதி குடும்பத்தாருக்கு. ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடங்கள் கிடைத்தன. அவற்றில் பூட்டிக் கிடப்பவற்றைத் திறப்பதற்கு இத்தொகுப்பே ஒரு காரணமாக அமையட்டும்.

காலத்திட்டம் ஒன்றையும் கூறுகிறோம். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை அதன்பின்பே வலுப்பெறுகிறது. அச்சபையில் தீர்மானம் செய்து, தெருவுக்கு ஒருவராகப் பெயர் குறியுங்கள். ஓர் ஊரில் 40 பழைய வீடுகள் உள்ளன என்று கொள்வோம். வீட்டுக்கு 10 படம் எனில் 400 படங்கள். இருவர் நாளொன்றுக்கு 4 வீடுகள் எடுத்தால் 10 மேகமூட்ட நாட்களில் பணி முடியும். இடிக்க நாள் குறித்த வீட்டையும், சாய்ந்து நிற்கும் வீட்டையும், ஓலை வீட்டையும் முதல் வரிசையில் வையுங்கள். நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி நாள் கிராம சபையில் எவ்வளவு முடிந்தது என்று கணக்குச் சொல்லுங்கள். ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையின்போது படங்களைப் பள்ளிச் சுவரில் வரிசையாக மாட்டி ஊராருக்குக் காட்டுங்கள். பெரியவர்கள் வந்து பார்த்து, இது இன்னார் கட்டியது, அந்தத் தூண் இன்ன ஊரிலிருந்து வண்டியில் வந்தது என்று சொல்வார்கள், அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, புதிய வீடுகள் எழும்புவது நம் உழைப்பின் வெற்றி. அவ்வெற்றியின் அளவை நம் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டுமானால், முன்பு இருந்தது என்ன என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். வரும் பருவமழையில் உங்கள் ஊரில் எந்த வீடு விழும் என்பதை உங்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் எவரும் இல்லை. அவ்வீட்டின் பெயரைப் பட்டியலின் முதலில் எழுதித் தொடங்குங்கள்.